அரசன்பேரிக் கரையின் மண்கூடை

தலையில் ஒரு துரும்புகூட இல்லாமல் கழுத்து வலித்திருக்கிறதா உங்களுக்கு? வெயிலில் அலைந்து வருகிற வலியைச் சொல்லவில்லை, படுத்த வாகு சரியில்லாமல் பிடித்துக்கொள்கிற சுளுக்கையும் சொல்லவில்லை. பச்சைமண் நிறைந்த பனைநார்க் கூடையை யாரோ பின்னாலிருந்து தூக்கி உச்சந்தலையில் வைத்துவிட்டு, நட என்று சொன்னால் வருமே, அந்த வலி. அது தெரிந்தவர்கள் எல்லாரும் அரசன்பேரிக் கரையைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், அவர்களில் முதல் ஆள் உலகு.

உலகு என்றால் உலகம்மாள், மடைப்பட்டிக் கீழத்தெருக்காரி, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். வயசு இருபத்தாறு. புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், நாலு வயசு மகள் கோமு எந்நேரமும் அவள் முந்தானையில் தொங்கிக்கொண்டிருந்தாள். அரசன்பேரி என்பது ஊருக்குக் கிழக்கே கிடக்கிற ஏரி, எந்தக் கோடையிலும் ஒரு மூலையிலாவது தண்ணீர் மினுங்குகிற ஏரி, அதன் கரை ஒன்றரை மைல் நீளம். கரைக்கு இந்தப்பக்கம் மடைப்பட்டி, அந்தப்பக்கம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிற்கிற இடம், அரிசி மில். கரைமேல் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒன்பது மைல் சுற்றிப் போகலாம், யாரும் போனதில்லை.

அந்த ஏரியை இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று என்று பட்டியலில் சேர்க்கப் போகிறார்கள், கரை நடுவில் கல் நடப் போகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் பாடமாகவே வரப்போகிறது என்று செய்தி வந்தது. தெய்வநாயகி என்று ஒரு அதிகாரி அம்மா நாடாவோடு வந்து இடத்தை அளந்து சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போனார். கல்லுக்குப் பீடம் கட்டுகிற வேலை வேலாண்டிக் கொத்தனாருக்குக் கிடைத்தது, கொத்தனாருக்கு உலகுதான் சித்தாள். காலையில் ஒன்பது மணிக்கு அவர் முதல் வெட்டு வெட்டினார், உலகு குனிந்து மண்ணைச் சட்டியில் அள்ளினாள், நிமிர்ந்தாள், நிமிர்ந்தபோது சட்டி தரையில் இருந்தது, சுமை தலையில் இருந்தது.

"கொத்தனாரே, சட்டியை ஏத்திட்டீங்களா?"

"ஏளா, சட்டி கீழதான கெடக்கு."

"அப்ப இது என்னது?"

உலகு தலையைத் தடவிப் பார்த்தாள். முடிதான் இருந்தது, முடிமேல் வெயில்தான் இருந்தது. ஆனால் கழுத்தெலும்பு ஒன்றோடொன்று இறுகியது, முதுகுத்தண்டு தானாகவே நிமிர்ந்து நின்றது, சுமை ஏறினால் உடம்பு என்ன செய்யுமோ அதைச் செய்தது. சுமை ஏறிய பிறகு நின்று யோசிக்கிற பழக்கம் சித்தாள்களுக்குக் கிடையாது. அவள் நடந்தாள். முக்கால் மைல் நடந்து கரையை விட்டு ஊர்ப்பக்கம் கால் இறங்கியதும் சுமை போய்விட்டது. "சரி" என்று சொல்லிவிட்டு, சட்டி மண் அள்ள மறுபடி வந்தாள். கரையில் கால் வைத்ததும் இன்னொரு கூடை ஏறியது. சாயங்காலத்துக்குள் கரையில் கால் வைத்த அத்தனை பேர் தலையிலும் ஆளுக்கொரு கூடை ஏறிவிட்டது.

முதல் மூன்று நாள் ஊர் அலறியது. சாஸ்தாவுக்குக் கொடை கொடுத்தார்கள், கடா வெட்டினார்கள், கடா வெட்டிய கையோடு கரையில் ஏறிப் பார்த்தார்கள், கூடை இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வந்தவர்களுக்கெல்லாம் கழுத்துப்பட்டை எழுதிக்கொடுத்தார், அப்புறம் ஒருநாள் கழுத்துப்பட்டையோடு அவரே கரைமேல் நடந்துவந்தார். நாலாம் நாள் அலறல் அலுத்துவிட்டது. வயலுக்குப் போகவேண்டும், மில்லுக்குப் போகவேண்டும், ரேஷன் வாங்கவேண்டும், அலறிக்கொண்டே எத்தனை நாள் இருக்க முடியும்? கரையடியில் பெட்டிக்கடை வைத்திருந்த ஆறுமுகக்கனி, உலகுக்கு மதினி முறை, பழைய சேலைகளைக் கிழித்துச் சும்மாடு சுற்றி விற்க ஆரம்பித்தாள், பூப்போட்டது தனி, கட்டம் போட்டது தனி. கூடை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சும்மாடு வைத்தால் உச்சி காந்தாது என்று எல்லாரும் கண்டுகொண்டார்கள். பைக்கில் போனவர்களுக்கு ஹெல்மெட்டுக்கு மேல் கூடை. மினிபஸ்ஸில் போனால் நாற்பது பேரும் ஒரே சாய்வில் கழுத்தை வைத்துக்கொண்டு போனார்கள், டிரைவர் மட்டும் "எம்மா, சுமையோட ஏறினா லக்கேஜ்" என்று தினம் ஒரே பகடியைச் சொன்னான். மேலத்தெருக் கல்யாணத்துக்கு அந்தப்பக்கமிருந்து மாப்பிள்ளை ஊர்வலம் கரைமேல் வந்தபோது, "பாத்தியா, தாலி கட்டதுக்கு முன்னாலேயே தலை குனிஞ்சிட்டு" என்று பெண்கள் சிரித்தார்கள். சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. அவர்கள் பெரியவர்களுக்கு முன்னால் ஓடினார்கள், பின்னால் ஓடினார்கள், கழுத்தை ஒடித்துக்காட்டிப் பழித்துக்கொண்டே ஓடினார்கள்.

மற்றவர்களுக்கு அது சுமை, உலகுக்கு அது தொழில். ஏறிய கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குக் களிமண், இன்றைக்குச் சரள், இன்றைக்கு மழையில் ஊறிய மண், கூடைப் பொத்தல் வழியே ஒழுகிக் காதுமடலில் இறங்குகிறது. ஒவ்வொரு கூடையும் ஒவ்வொரு ஆள் சுமந்த கூடை என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒன்று ஒவ்வொரு நடைக்கும் இடப்பக்கம் இழுத்தது, சுமந்தவளுக்கு இடதுகால் நொண்டியாக இருந்திருக்கவேண்டும். ஒன்று ஏறியதும் மூச்சு இளைத்தது, கிழவன் கூடை. ஒருநாள் ஏறிய கூடை அவ்வளவு கனமில்லை, ஆனால் பாதிக் கரை வருவதற்குள் அவள் மார்பு கட்டிக்கொண்டது, ரவிக்கை நனைந்தது. கோமு பால்குடி மறந்து இரண்டு வருசமாகிறது. எங்கோ கரையடியில் துணி விரித்துப் போட்டிருக்கிற ஒரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது மாதிரியும் இருந்தது, கேட்காதது மாதிரியும் இருந்தது. அன்றைக்கு மட்டும் உலகு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் கசக்கிக் கொடியில் போட்டாள், யாரிடமும் சொல்லவில்லை.

சுமைக்காரர்கள் மத்தியில் தலை மாத்து என்று ஒன்று உண்டு. கூடை கீழே இறங்காமல், இரண்டு பேர் உரசி நின்று தலையைத் தலையோடு சாய்த்து, ஒருவர் சுமையை இன்னொருவர் வாங்கிக்கொள்வது. ஒருநாள் வேலாண்டிக் கொத்தனார் நடுக்கரையில் உட்கார்ந்துவிட்டபோது உலகு பழக்க தோசத்தில் தலையைச் சாய்த்து, "இங்கன தாங்க" என்றாள், வந்துவிட்டது, அவள் தலையில் இரண்டு கூடை, கொத்தனார் ரெக்கை முளைத்த மாதிரி எழுந்து நடந்தார். அதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலையில் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்தது, நடைக்கு இவ்வளவு என்று பேசினார்கள், கீழத்தெருவில் வேலையில்லாமல் இருந்தவர்கள் எல்லாரும் கரையடியில் போய் நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் அது ஊர் வழக்கமாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் யார் தலையிலும் ஒன்றும் இருக்காது, ஆனால் முன்னால் போகிறவர் நிமிர்ந்து கைவீசிப் போவார், பின்னால் வருகிற ஆள் கழுத்து தோளுக்குள் இறங்கி வரும். அதைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணுக்குப் பழகிய காட்சி மாதிரி இருந்தது, எப்போது பழகியது என்றுதான் தெரியவில்லை.

உலகுக்கு வாடிக்கை பண்ணைவீட்டு நல்லபெருமாள். பண்ணை போய் அவர் அப்பா காலத்திலேயே மில் ஆகிவிட்டது, பேர் மட்டும் பண்ணைவீடு. நல்ல மனுசன்தான், அதிர்ந்து பேசமாட்டார். உலகின் மாமியார் அவரை மொதலாளி என்பாள், உலகு அண்ணாச்சி என்பாள். தினமும் காலையில் அவர் துண்டால் விசிறிக்கொண்டு முன்னால் நடப்பார், இரண்டு கூடையோடு இவள் இரண்டெட்டுப் பின்னால் நடப்பாள்.

"ஏட்டி, காத்தைச் சுமந்து சம்பாதிக்கவ ஒலகத்துலேயே நீதான்" என்பாள் ஆறுமுகக்கனி.

"காத்துதான மதினி, இந்தா ஒனக்கொரு கூடை, ஓசியா வச்சிக்கோ" என்று உலகு தலையைச் சாய்ப்பாள், ஆறுமுகக்கனி கடைக்குள் ஓடுவாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கோமுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள். நல்லபெருமாள் முன்னால் போய்விட்டார், இரண்டு கூடையும் உலகின் தலையில், கோமு புதுப் பையை மாட்டிக்கொண்டு குதித்து வந்தாள். அம்மாவின் நெற்றியில் வேர்வை ஓடுவதைப் பார்த்து, "எனக்கு ஒண்ணு தாம்மா, நானும் சித்தாளு" என்றாள். உலகுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகளிடம் முட்டு முட்டு என்று விளையாடுவோமே, அதுபோலக் குனிந்து, மகள் தலையில் தன் தலையை மெதுவாக முட்டினாள். முட்டிய இடத்தில் ஒரு கூடை கழன்றது. கோமுவின் கழுத்து தோளுக்குள் இறங்கியது.

உலகு உடனே தலையைச் சாய்த்துத் திரும்ப வாங்கப் பார்த்தாள், வரவில்லை. மறுபடி சாய்த்தாள், மறுபடி சாய்த்தாள், கடைசியில் பிள்ளையை இழுத்துக்கொண்டு கரைமுனைக்கு ஓடினாள். கரையை விட்டு இறங்கியதும் அவள் தலைச்சுமை போய்விட்டது. கோமுவின் தலைச்சுமை போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் போகவில்லை, ஆஸ்பத்திரியில் போகவில்லை, வீட்டுக்கு வந்தும் போகவில்லை. கோமு குனிந்தபடி சாப்பிட்டாள், குனிந்தபடி விளையாடினாள், யாராவது கூப்பிட்டால் முகத்தைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி, கனக்குதா?" என்று கேட்டால், "சின்னக் கூடைதாம்மா" என்பாள். எடை குறையவில்லை என்று பால்வாடி டீச்சர் சொன்னார், ஆனால் வாசல்நிலையில் கோடு போட்டுப் பார்த்ததில் பத்து நாளில் பிள்ளை ஒரு விரல் உயரம் குறைந்திருந்தாள். உலகு அந்தக் கோட்டைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்குப் பகடி ஒன்றும் வாயில் வரவில்லை.

வேலாண்டிக் கொத்தனார்தான் சொன்னார். "நம்ம வேலையில ஒரு மொற உண்டும்மா, ஒனக்கும் தெரியும். பெருஞ்சுமைய ஏத்திவிட்ட கைதான் இறக்கணும். அந்தக் கைக்குத்தான் எடை தெரியும். வேத்தாளு தொட்டா சுமக்கவ கழுத்துதான் ஒடியும்."

"இதை யாரு ஏத்திவிட்டா கொத்தனாரே?"

கொத்தனார் பண்ணைவீட்டு மச்சைப் பார்த்தார். கீழத்தெருவில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், தெரிந்து தெரிந்து பேசாமலே போன சங்கதி. கரை கட்டும்போது கீழத்தெருவின் முன்னோர் கூலிக்காரர்களாக இருக்கவில்லை, பண்ணை விலைக்கு வாங்கி விற்கிற அடிமைகளாக இருந்தார்கள்.

உலகு மகளைக் கூட்டிக்கொண்டு பண்ணைவீட்டுக்குப் போனாள். நல்லபெருமாள் பதறித்தான் போனார். "பச்சப்பிள்ளைக்கு நான் செய்யமாட்டேனா?" என்று முற்றத்துக்கு வந்தார், தெருவில் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார், கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு கோமுவின் தலைக்குமேல் கையைக் கொண்டுபோனார், தூக்கினார். வெறுங்கை மேலே போனது. கோமு குனிந்தபடியே நின்றாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார், துடைத்த பிறகுதான் துடைத்தது அவருக்கே தெரிந்தது.

"வரலையே உலகு."

"யாரு கூடைன்னு தெரியாம தூக்கினா எப்படி வரும் அண்ணாச்சி? மச்சுல பழைய ஏட்டோலைப் பெட்டி இருக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தப்ப நான்தான் தூசி தட்டி வச்சேன். கரைக்கு யாரு யாரு மண் சுமந்தாங்கன்னு அதுல எழுதியிருக்கும்லா. அதிகாரி அம்மாகிட்ட குடுங்க. எழுதுன சாட்சி இருந்தா அந்தப் பேரையெல்லாம் கல்லுல ஏத்திருவேன்னு அவங்க சொல்லுதாங்க, சாட்சி இல்லாம எழுதினா அவங்க வேலைக்கே வேட்டுன்னும் சொல்லுதாங்க."

நல்லபெருமாள் முகம் மாறியது. "அதுல என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். அதனாலதான் தொறக்காம இருக்கீங்க."

"எங்க பாட்டன் பேரு கல்லுல வரப்போவுது. அரசர் அருளால், பண்ணையார் மேற்பார்வையில் எழுப்பப்பட்டதுன்னு அச்சடிச்சே வந்துட்டு. இந்த நேரத்துல அந்தக் குப்பையத் தூக்கி வெளியே போடச் சொல்லுதியே, நாலு பேரு என்ன பேசுவான்?"

"மேற்பார்வை பாத்தா கரை எழும்புமா அண்ணாச்சி? நாளைக்கு முழுக்க நான் சிமெண்டுச் சட்டியப் பாத்துக்கிட்டே நிக்கேன், சுவரு எழும்புதான்னு பாப்போம்."

அவர் சிரிக்கவில்லை. உலகும் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து திரும்பி, "நாளையிலேருந்து ஒங்க கூடைய நீங்களே சுமங்க" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. அன்றைக்கே கரையடியில் நின்ற அத்தனை பேரிடமும் கோமுவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். பிள்ளையின் கழுத்துதான் பேசியது. மறுநாள் கீழத்தெருவில் ஒரு தலையும் சாயவில்லை. மேலத்தெருக்காரர்கள் கூலியை ஏற்றிச் சொன்னார்கள், இரண்டு மடங்கு சொன்னார்கள், அதட்டிப் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள். ஆறுமுகக்கனி சும்மாட்டுக் குவியலை முன்னால் தள்ளி, "மேலத்தெரு ஆளுகளுக்குக் கட்டம் போட்டது எடுப்பா இருக்கும், வாங்க வாங்க" என்று கூவினாள். இரண்டு தலைமுறையாக ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காத கழுத்துகள் கரைமேல் வந்தன, பத்தெட்டுக்கு ஒருதடவை நின்று நின்று வந்தன, அந்தப்பக்கம் போய் இறங்கியதும் தரையில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தன.

கோமுவுக்குச் சுமை ஏறிய பன்னிரண்டாம் நாள் விழா. காலை பத்து மணிக்கு நடுக்கரையில் பந்தல், மைக், நாதஸ்வரம், பட்டுத்துணி போர்த்திய கல். தலைநகரிலிருந்து வந்த பெரிய அதிகாரிகள் காரைவிட்டு இறங்கும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மாலை போட்டபோது மாலை வேறு கனத்தது. எல்லாரும் வந்தாயிற்று, மரியாதை வாங்கவேண்டிய நல்லபெருமாள் மட்டும் வரவில்லை.

அப்புறம் வந்தார். கூட யாரும் இல்லாமல், ஊர்முனையிலிருந்து நடந்தே வந்தார். உலகு தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பட்டுக்கரை வேட்டி புழுதியில் இழுபட, வாய் திறந்து மூச்சுவாங்க, ஒவ்வொரு எட்டுக்கும் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார். அந்த நடை உலகுக்குத் தெரியும், அந்தக் கூடையை அவள் சுமந்திருக்கிறாள், இடதுகால் நொண்டியாக இருந்தவளின் கூடை. வழியில் மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் யாரோ பின்னாலிருந்து அதட்டியது மாதிரி உடம்பு குலுங்கி, மறுபடி நடந்தார். பந்தலுக்கு வந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, கக்கத்தில் ஒரு துணிப்பொதி இருந்தது. மேடைக்கு ஏறாமல் நேரே தெய்வநாயகியிடம் போய்ப் பொதியைக் கொடுத்தார்.

"வாசிங்கம்மா."

"இங்கேயா? இப்பவா சார்? நிகழ்ச்சி நிரல் இருக்கே."

"இப்பவே. மைக்குல. நான் வாசிச்சா பாதியில நிறுத்திருவேன்."

தெய்வநாயகி ஓலைகளை விரித்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், மைக்குக்கு முன்னால் தட்டுத்தடுமாறி வாசித்தார். அரசர் பெயர் வந்தது, பண்ணையின் பெயர் வந்தது, பிறகு கரை வேலைக்கு விட்ட உடைமைகள் வந்தன. நஞ்சை, புஞ்சை, மாவடை, மரவடை, உழவுமாடு இருபது சோடி. மாடுகளுக்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள்.

"ஊமையன்" என்று வாசித்தார். கரையில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது, ஒரு கூடை மண் விழுகிற சத்தம். நாதஸ்வரக்காரர் கழுத்தை நிமிர்த்தினார். "அவன் பெண்டு கறுத்தாள்." தொப்பென்றது, ஆறுமுகக்கனி கழுத்தை நிமிர்த்தினாள். "வெள்ளையன். சுள்ளி. பூவாயி. நெட்டையன். நெட்டையன் தாய்." பேர் ஒன்றுக்கு ஒரு சத்தம், சத்தம் ஒன்றுக்கு ஒரு தலை. "நொண்டி மாடத்தி" என்றபோது நல்லபெருமாளின் தலை நிமிர்ந்தது, அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நாற்காலி நிறைய இருந்தது, யாரும் உட்காரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது, பேர்கள் முடியவில்லை, காரில் வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். இருநூற்றுப் பதினோரு பேர். கரையெங்கும் செம்மண் புழுதி எழுந்து நின்றது, மண் மட்டும் எங்கும் விழுந்து கிடக்கவில்லை. எல்லாத் தலையும் நிமிர்ந்துவிட்டது. உலகு குனிந்து மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

தெய்வநாயகி கடைசி வரிக்கு வந்தார்.

"பூவாயி மகள் ஒன்று. கூடை எடுக்கும். பேர் இடவில்லை."

சத்தம் ஒன்றும் வரவில்லை. கோமுவின் கழுத்து தோளுக்குள்ளேயே இருந்தது.

கூட்டம் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தது. உலகு நல்லபெருமாளைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இப்பத் தெரியும்லா யாரு கூடைன்னு. வாங்க, வந்து இறக்குங்க."

அவர் வந்தார். நாலு வயசுப் பிள்ளையின் தலைக்குக் கை எட்ட வேண்டுமென்றால் மண்டிபோடத்தான் வேண்டும், அத்தனை பேர் முன்னால் புழுதியில் மண்டிபோட்டார். இந்தத்தடவை எங்கும் பார்க்கவில்லை, கோமுவின் கண்ணையே பார்த்தார். இரண்டு கையையும் அவள் தலைக்கு இருபக்கமும் கொண்டுபோய், விளிம்பைத் தேடி, பிடித்தார். தூக்கினார். கையில் நரம்பு புடைத்தது, தோள் நடுங்கியது. "சின்னக் கூடைதான்" என்று கோமு அவருக்குத் தைரியம் சொன்னாள். விரல் விரலாக அது மேலே வந்தது, விரல் விரலாகப் பிள்ளையின் கழுத்து தோளைவிட்டு வெளியே வந்தது, நாடி நிமிர்ந்தது, முகம் நிமிர்ந்தது, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கோமு வானத்தைப் பார்த்தாள்.

"அம்மா, கொக்கு" என்றாள்.

உலகு அப்படியே தரையில் உட்கார்ந்து மகளின் கழுத்தை வருடி வருடிப் பார்த்தாள், எலும்பு எலும்பாக எண்ணிப் பார்த்தாள்.

நல்லபெருமாள் எழுந்துவிட்டார், ஆனால் கை கீழே இறங்கவில்லை. நெஞ்சுயரத்தில் ஒன்றுமில்லாததை ஏந்திக்கொண்டு நின்றார், வைக்கப் போனால் தரை வாங்கவில்லை, விடப் போனால் கை விடவில்லை. தெய்வநாயகி அதற்குள் பட்டுத்துணியை உருவி எறிந்துவிட்டு, பழைய வாசகத்தை அடித்துவிட்டு, நாலு முகத்திலும் பேர் வெட்டச் சொல்லிவிட்டார். பீடத்தடியில் உட்கார்ந்திருந்த கல்தச்சர் கடைசிப் பேருக்கு இடம் அளந்து, உளியை வைத்து, நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வெட்ட?"

"எங்கம்மா பேரை வைக்கட்டா?" என்றார் நல்லபெருமாள். "எங்க வீட்டுல வைக்காம விட்டதுதான. நானே வச்சிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் உலகு. "ஒங்க வீட்டுக் கையெழுத்துல அந்தப் பிள்ளை இருந்தது போதும்."

கூட்டத்தில் ஒருவர் சாமி பேர் சொன்னார், ஒருவர் ஏரியின் பேரையே வைக்கலாம் என்றார், காரில் வந்தவர்களில் ஒருவர் ஒரு கமிட்டி போடலாம் என்றார். எல்லாரும் உலகின் முகத்தைப் பார்த்தார்கள், நீயே சொல்லு, நீயே சொல்லு என்றார்கள். இரண்டாவது பெண் பிறந்தால் வைப்பதற்கென்று உலகு மனசில் ஒரு பேர் வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

கோமு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நல்லபெருமாள் ஏந்தி நின்ற கைகளுக்குக் கீழே, தன்னைவிட ஒரு சாண் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அந்த அக்கா இந்தா நிக்கா. அவ பேரை அவகிட்டயே கேளும்மா."